லேபிளில் தமிழுக்கு இடமில்லை

பூச்சிமருந்தின் பெயரை விற்பவரும் வாங்குபவரும் ஒரே மாதிரி உச்சரித்து நான் கேட்டதே இல்லை. அரசாங்கப் படிவத்தோடு வீடு வீடாக ஏறி இறங்கியவர்களுக்கு என் பாடு புரியும். எண்பதுகளின் தொடக்கத்தில் கொடைக்கானல் விவசாய ஆபீசில் களப்பணியாளராக இருந்தேன். மருந்து டப்பா லேபிளில் என்னென்ன இருக்கவேண்டும் என்று ஜனங்களிடம் கருத்துக் கேட்டு வரச் சொன்னார்கள்.

பொடி எழுத்து

கவுஞ்சி கிராமத்தில் வெள்ளைப்பூண்டுக்கு மருந்தடித்துக்கொண்டிருந்த ராமசாமி அண்ணனிடம், "லேபிளைப் படிப்பீங்களா?" என்று கேட்டேன். டப்பாவை வேட்டியில் துடைத்து என்னிடமே நீட்டினார். எல்லாம் இங்கிலீஷ். எழுத்துக்கூட்டிப் பார்த்தேன், பாதிக்குமேல் விளங்கவில்லை.

"ஆபீசுல இருக்குற ஒங்களுக்கே வெளங்கல, எங்களப் போயி படிச்சியான்னு கேக்குறீங்களே!"

எண்ணெய் போத்தல்

செல்வராணி சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வந்து, இங்கே கேரட் தோட்டத்தில் கூலிவேலை பார்த்தவர். அவர் வீட்டுக்காரர் வீட்டை ஒட்டிய உருளைக்கிழங்குப் பாத்திக்கு மருந்து கேட்க, கடைக்காரர் பெரிய கேனிலிருந்து காலி எண்ணெய் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்துவிட்டார். அது ஜன்னலில் இருந்தது. வெள்ளனே வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் செல்வராணி தலைக்குத் தடவ உள்ளங்கையில் ஊற்றியிருக்கிறார். நெடி மூக்கில் ஏறியதும் ஓடிப்போய்க் கழுவியிருக்கிறார். நான் போனபோதும் கை எரிச்சல் தீரவில்லை. கூந்தல்காரி படம் போட்ட பாட்டிலை என் முன்னால் வைத்தார்.

"லேபிள் தாளு கடைக்காரரு கேன்ல இருக்கு, மருந்து எங்க ஊட்டு போத்தல்ல இருக்கு. நான் எதைங்க ஐயா படிக்கிறது?"

லேபிள் விஷயமாக ஆபீசில் ஒரு கூட்டம் ஏற்பாடாகியிருந்தது. அந்தக் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குக் கட்டாயம் வரச் சொல்லிவிட்டு வந்தேன்.

கூட்டம்

மெட்ராசிலிருந்து அதிகாரி வந்திருந்தார். கம்பெனி ஏஜென்ட் எழுந்து, தமிழில் அச்சடிக்க லேபிளில் இடம் பத்தாது என்றார். அவர் காட்டிய லேபிளில் பாதியை ஒரு விவசாயி படத்தில் சிரித்தபடி அடைத்துக்கொண்டிருந்தார். செல்வராணி எழுந்தார். என் உத்தியோகத்தை நினைத்து எனக்கு வேர்த்தது.

"அந்தச் சிரிக்கிறவரைக் கொஞ்சம் தள்ளி ஒக்காரச் சொல்லுங்க ஐயா, எடம் கெடைக்கும்!"

கடைச் சீட்டு

அதிகாரியே சிரித்துவிட்டார். எண்ணெய் பாட்டிலில் இனி ஊற்றித் தருவதில்லை, மருந்தின் பெயரைத் தமிழில் சீட்டெழுதி ஒட்டியே தருவது என்று கூட்டத்துக்கு வந்திருந்த கடைக்காரர்கள் அங்கேயே ஒப்புக்கொண்டார்கள். சில மாதம் கழித்து, எண்ணெய் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்த அதே கடைக்குப் போனேன். செல்வராணி சீட்டை வாங்கி, எழுத்து எழுத்தாகப் படித்து, திருப்பி நீட்டிக்கொண்டிருந்தார்.

"எந்த ஊரு கம்பெனின்னும் எழுதுங்க அண்ணாச்சி. ஏதாச்சும் ஒண்ணுன்னா நாங்க யாரைப் போய்த் தேடுறது?"

கம்பெனி லேபிளில் தமிழ் வர வருஷக்கணக்கானது. அதுவரை எங்கள் மலையில் அதிகம் படிக்கப்பட்ட இலக்கியம் பூச்சிமருந்துக் கடைச் சீட்டுதான் என்பதில் எனக்குப் பரம திருப்தி.