ஒல்லியும் மல்லனும் பாகீரதியும்

கத்தரிக்கோல் மாத்திரை அட்டையை வெட்டும்போது ஒரு சத்தம் வரும். மற்றவர்கள் கையில் அது அதோடு தீர்ந்துவிடும். பாகீரதி வெட்டிய அட்டையைக் கண்ணாடி மேஜைமேல் தட்டுவார், விரல் முட்டியால் இரண்டு தட்டு சேர்ப்பார், காகிதக் கவருக்குள் போட்டு வாயை மடித்து மேலே இன்னொரு தட்டு தட்டி நீட்டுவார். மேஜைக்குப் பின்னால் அதே நேரத்தில் அவருடைய செருப்பு தரையில் என்ன செய்கிறது என்பது வாங்க வந்தவருக்குத் தெரியாது. பக்கத்தில் நின்று பில் போடும் ஷீஜாவுக்குத் தெரியும். கூட்டம் அதிகமானால் சேச்சியின் காலுக்குப் பயந்து தான் ஓர் அடி தள்ளி நின்றுகொள்வதாக அந்தப் பெண் என்னிடம் சொன்னாள்.

கேரளத் தலைநகரில், தம்பானூர் லாட்ஜுகளுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு நிற்கிற மருந்துக்கடை அது. வித்துரா பஸ்ஸைப் பிடித்துப் பொன்முடி ஏறப் போகிறவர்களுக்கு வாந்தி மாத்திரை, கழக்கூட்டத்திலிருந்து முதுகுப் பையோடு வரும் கம்ப்யூட்டர் பிள்ளைகளுக்கு நெஞ்செரிச்சல் மாத்திரை, லாட்ஜில் அறை எடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அலைகிற குடும்பங்களுக்குச் சீட்டில் உள்ள எல்லாம். பாகீரதிக்கு அறுபத்தாறு வயது. பருத்திப் புடவைக்கு மேலே வெள்ளைக் கோட்டு, அதன் பையில் இரண்டு பேனா, தலையில் ஒரு கனகாம்பரத் துண்டு. பார்த்தால் கோயிலுக்குப் போகிற வழியில் கடைக்குள் தவறி நுழைந்துவிட்டவர் போல இருப்பார். அதை நம்பி, பழைய சீட்டைக் காட்டித் தூக்க மாத்திரை வாங்க வந்தவர்கள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அந்தக் கால ஹாலிவுட் ஆட்டப் படங்கள் என்றால் அவருக்கு உயிர். தொப்பியும் வால் கோட்டும் போட்டவர்கள், ஆட வேண்டும் என்று தோன்றிவிட்டால் மேஜை, படிக்கட்டு, கப்பல் தளம் எதையும் விடாமல் ஆடிய படங்கள். அந்த நட்சத்திரங்களின் பெயர் அவர் வாயில் வராது. அவர்களுக்கு வீட்டுப் பெயர் வைத்திருக்கிறார். காற்றில் மிதக்கிற மெலிந்த ஆட்டக்காரர் ஒல்லி. மாலுமிச் சட்டை போட்டுக்கொண்டு தோளை விரித்து ஆடுகிறவர் மல்லன். நீச்சல் குளத்துக்கு அடியிலும் சிரிப்பு மாறாதவள் ஜலகன்னி. இவர்கள் எல்லாம் அவர் வளர்ந்த கோட்டைப் பக்கத்துத் தெருவில் அடுத்தடுத்த வீட்டில் குடியிருக்கிற மாதிரித்தான் பேச்சு. "ஒல்லி ஆடினா தரை இருக்கறதே தெரியாது. மல்லன் ஆடினான்னா தரைக்கே சந்தோஷமா இருக்கும், கேட்டேளா" என்று ஒருநாள் என் அமில மாத்திரையைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னார். எனக்குப் பின்னால் ஐந்தாறு பேர் சீட்டோடு நின்றார்கள். யார் உசத்தி என்று நான் பதில் சொல்லும் வரை மாத்திரை கிடைக்கவில்லை.

இந்தக் கட்டுரையில் எந்தப் படத்தின் பெயரையும் எழுதக் கூடாது என்று எனக்குத் தடை போட்டிருக்கிறார். எழுதினால் உடனே கைப்பேசியில் தேடி இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, பார்த்தாயிற்று என்று சொல்லிக்கொண்டு திரிவார்களாம். ஆடுகிற ஆளைத் தலை முதல் கால் வரை முழுசாகப் பார்க்க வேண்டும், வெட்டாமல் எடுத்ததை வெட்டாமல் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. இன்றைய படங்களில் ஒரு கை, ஒரு இடுப்பு, ஒரு கண் என்று கூறு போட்டுக் காட்டுகிறார்கள், கசாப்புக் கடையில்கூட இதைவிட முழுசாகக் கிடைக்கும் என்பார். மாமிசம் தொடாத வீட்டுப் பெண்மணி வாயில் இந்த உவமை வந்தால் எனக்குச் சிரிப்பை அடக்குவது கஷ்டம்.

அவருடைய அப்பா தலைமைச் செயலகத்தில் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே ஒரு தியேட்டரில் பழைய இங்கிலீஷ் படங்களைக் காலைக் காட்சியாகப் போடுவார்கள். டிக்கெட் மலிவு. மகளையும் கூட்டிக்கொண்டு போவார். பாகீரதிக்கு வரன் பார்க்கிற வயது வந்தபோது ஊரில் காலம் மாறிவிட்டிருந்தது. 'இங்கிலீஷ் படம், காலைக் காட்சி' என்றால் கேரளத்தில் ஒரே ஒரு வகைப் படம்தான் என்று ஆகியிருந்தது. சுவரொட்டியைப் பார்த்தாலே பெண்கள் தலையைத் திருப்பிக்கொள்கிற வகை. திருநெல்வேலியிலிருந்து வந்த ஒரு நல்ல இடம், தெருவில் விசாரித்தபோது, பெண் இங்கிலீஷ் காலைக் காட்சி விடாமல் பார்ப்பாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அடுத்த வாரம் ஜாதகம் திரும்பி வந்தது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அதற்கு அடுத்த இடமும் அப்படியே போயிற்று.

அப்பா பயந்துவிட்டார். இனி போகவில்லை, முன்னால் பார்த்ததும் தெரியாமல் பார்த்தது என்று சொல்லிவிடலாம் என்றாராம். பாகீரதி மாட்டேன் என்றுவிட்டார். "அந்தப் படத்துல ஒருத்தன் கையுறையைக்கூடக் கழட்டலை. இதைப் பாத்தேன்னு சொல்ல எனக்கென்ன வெக்கம்? பாத்ததைப் பாக்கலைன்னு சொல்லித்தான் ஒரு புருஷன் வரணும்னா, அவன் அங்கேயே இருக்கட்டும்னேன்." அந்தப் புருஷனும் அங்கேயே இருந்துவிட்டார். பாகீரதி பார்மசி படித்து வேலைக்கு வந்தார். இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு சொட்டு இரக்கம் கிடையாது. கேட்கிறவர் முகத்தில் தெரிந்தாலும் பொறுக்க மாட்டார். நான் ஒருமுறை 'த்சொ' கொட்டிவிட்டு, போன பெருமூச்சுக்கு மாத்திரை வேண்டுமா என்று கேட்கப்பட்டேன்.

நாங்கள் இருவரும் ஒரு திரைப்படச் சங்கத்தில் உறுப்பினர்கள். ஞாயிறு மாலை என் மைத்துனர்கள் வீட்டுக்கு வருவார்கள், சங்கத்து ஹாலில் ஏசி உண்டு. என் கலைத் தாகம் அவ்வளவுதான். பாகீரதி அங்கே எல்லாப் படத்தையும் பார்ப்பார். பனியில் ஒரு கிழவர் குதிரையோடு நடந்துகொண்டே இருக்கிற படத்தைக்கூடக் கண் கொட்டாமல் பார்த்தார். ஆனால் ஒவ்வோர் ஆண்டுப் பொதுக்கூட்டத்திலும் எழுந்து ஒரே கேள்வியைக் கேட்பார்: ஓர் ஆட்டப் படம் எப்போது? இந்த ஊர் சினிமாவைப் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி பார்க்கிற ஊர். டிசம்பர் திரைப்பட விழாவில் கழுத்தில் அட்டையும் தோளில் பையுமாக வரிசையில் நிற்கிறவர்கள், துக்கம் குறைந்தால் படத்தில் ஏதோ குறை என்று சந்தேகப்படுவார்கள். கேள்வி வந்ததும் பின்வரிசையில் சிரிப்பார்கள். அவர் சிரிப்பு அடங்கும் வரை நின்றுவிட்டு, மறுபடியும் கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்.

சங்கத்தின் செயலாளர் ஹரிகுமார், கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். ரத்த அழுத்த மாத்திரை வாங்குவது பாகீரதியிடம்தான். போன பொதுக்கூட்டத்தில் அவர் பொறுமையாக விளக்கினார். பஞ்சமும் யுத்தமும் நடந்த காலத்தில் ஜனங்களின் வேதனையை மறக்கடிக்கக் கொடுத்த மாத்திரைகள் இவை, வேறொன்றும் இல்லை என்றார். பாகீரதி எழுந்தார். மலையாளத்தில் தொடங்கினார், கோபம் வந்தால் அவருக்குத் தமிழ் வந்துவிடும்.

"நாப்பது வருஷமா மாத்திரை விக்கறேன், ஹரிகுமார் சாரே. வலிக்கறதுன்னு வரவாளை, முதல்ல வலியைப் பத்தி நன்னா யோசிச்சுட்டு வாங்கோன்னு நான் திருப்பி அனுப்பினதில்லை. உங்களையும் அனுப்பலை."

ஹால் முழுக்கச் சிரித்தது, இந்தத் தடவை வேறு பக்கம். ஹரிகுமார் விடவில்லை. அந்தப் படங்களில் கறுப்பின மக்களை வேலைக்காரர்களாகவும் கேலிப் பொருளாகவும் மட்டும் காட்டியதைச் சொன்னார். அது நியாயம். பாகீரதியும் ஒப்புக்கொண்டார். "அது அழுக்குதான். அழுக்கைக் காட்டுங்கோ, நானும் கூட நின்னு காட்டறேன். அதுக்காக ஆடின காலைப் பொய்ன்னு சொல்லாதேங்கோ. மூச்சு வாங்கறது தெரியாம சிரிச்சுண்டு ஆடறான் பாருங்கோ, அது நம்மளை ஏமாத்த இல்லை. பாக்க வந்தவாளுக்குப் பண்ற மரியாதையாக்கும்." நோயாளி முன்னால் முகம் சுளிக்காமல் நிற்கிறவர் சொன்னதால் எனக்கு அது சட்டென்று புரிந்தது. கமிட்டி வாக்கெடுப்பு வைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்தது. கூட்டம் வராவிட்டால் இனி இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது என்று ஹரிகுமார் சொன்னார். பாகீரதி சரி என்றார்.

கூட்டத்தை ஒரு தப்பு கொண்டுவந்து சேர்த்தது. சங்கத்தின் வாட்ஸ்ஆப் அறிவிப்பில், 'மியூசிக்கல்' படம் என்பதை மலையாளத்தில் 'சங்கீத சித்திரம்' என்று போட்டிருந்தார்கள். அது கோட்டைப் பக்கத்து அக்ரஹாரத்துக் குழுவுக்குப் போனபோது யாரோ 'அனுமதி இலவசம்' என்று சேர்த்தார்கள். வேறு யாரோ வணங்கும் கையையும் வீணையையும் ஒட்டினார்கள். ஏதோ சங்கீத மகானின் சரித்திரம் என்று ஊரே நினைத்துக்கொண்டது. பாகீரதியிடம் கேட்டேன், திருத்த வேண்டாமா என்று. "சங்கீதம்தானே? நான் எதைத் திருத்தணும்?" என்றார்.

அன்றைக்கு ஹாலுக்குள் நுழைந்த எனக்குக் கல்யாண மண்டபத்துக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றியது. பட்டுப் புடவை, மல்லிகை, ஏசிக்கு முன்யோசனையாகச் சால்வை, முன்வரிசையில் காதில் கடுக்கனோடு சபாக்காரர்கள். ஜாதகம் திரும்பி வந்த காலத்தில் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தவர்களும் அதில் இருந்தார்கள். பாகீரதியே எனக்குக் காட்டினார். அவர்கள் முன்னால் ஒல்லியும் மல்லனும் ஆட வேண்டும், கடைசி ஆட்டம் வரை அவர்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். எட்டு மணிக்கு ஹாலைக் காலி செய்துவிட வேண்டும். படத்தின் நீளம் போக அறிமுகப் பேச்சுக்குக் கால்மணி நேரம்தான் மிச்சம்.

ஹரிகுமார் மைக்கைப் பிடித்தார். பங்குச் சந்தை விழுந்ததிலிருந்து தொடங்கினார். ஸ்டூடியோ முதலாளிகளுக்கு வந்தபோதே கால்மணி நேரம் தீர்ந்துவிட்டது. கூட்டத்தைப் பார்த்து அவருக்கு உற்சாகம் கூடிவிட்டது, பாவம், இவ்வளவு பேர் அவர் பேச்சுக்கு எப்போதும் வந்ததில்லை. முன்வரிசையில் ஒரு மாமி, கச்சேரி எப்போது என்று கேட்டார். இது இங்கிலீஷ் படமாம் என்று பக்கத்தில் பதில் வந்தது. சால்வையைச் சுருட்டுகிற சத்தம் கேட்டது. ஒருவர் எழுந்தார், இரண்டு பேர் எழுந்தார்கள். ஹரிகுமார், இனி முக்கியமான மூன்று விஷயங்கள் என்றார்.

பாகீரதி தன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் போனதை நான் பார்த்தேன். காற்று வரும் இடம் பார்க்கிறார் என்று நினைத்தேன். நாற்காலியைச் சுவிட்சுப் பலகைக்குக் கீழே வைத்தார். வரிசையாக எல்லா விளக்கையும் அணைத்தார்.

லேப்டாப்பில் படம் ஓட்டுகிற அஜீஷுக்குச் சங்கத்தில் தெரிந்த கட்டளை ஒன்றுதான்: விளக்கு அணைந்தால் படத்தைப் போடு. போட்டுவிட்டான். வாத்தியங்கள் முழங்கின. கரண்ட் போய்விட்டது என்று யாரோ சொல்ல, "போகலை. நான்தான் அணைச்சேன். எழுந்தவா உக்காருங்கோ, பின்னாடி மறைக்கறது" என்று பாகீரதியின் குரல் சுவரோரத்திலிருந்து வந்தது. கடையில், சீட்டோடு வரிசையில் நில்லுங்கள் என்று சொல்கிற அதே குரல். எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள்.

முதலில் ஒல்லி வந்தான். அவன் பாதி ஆடியிருப்பான், முன்வரிசையில் ஒரு கடுக்கன்காரரின் கை தொடையில் இறங்குவதைத் திரை வெளிச்சத்தில் கண்டேன். இவன் கணக்கில் கெட்டிக்காரன், தாளம் விடவில்லை என்று அவர் பக்கத்து மாமாவிடம் சொன்னார். யாரோ 'பேஷ்' என்றார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் சால்வையைத் தொடவில்லை. மல்லன் மேஜைமேல் ஏறியபோது பட்டுப் புடவைகள் கைதட்டின.

கொஞ்ச நேரம் கழித்து ஹரிகுமார் இருட்டில் தடவிக்கொண்டு சுவரோரம் வந்தார். இடைவேளை மாதிரி ஒன்று விட்டால் மிச்சம் இருக்கிற மூன்று விஷயத்தையும் சொல்லிவிடலாம் என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டே சுவிட்சுப் பக்கம் கையை நீட்டினார். பாகீரதி உட்கார்ந்திருக்கவில்லை. படம் தொடங்கியதிலிருந்தே சுவிட்சுகளின் மேல் உள்ளங்கையை விரித்து மூடிக்கொண்டு நின்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார். ஹரிகுமாரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கையையும் எடுக்கவில்லை. காலால் தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளிவிட்டார்.