மறதிக்காரி

இரண்டு ஆண்டுகள் நான் மறதிக்காரியாக வாழ்ந்தேன். அந்தப் பெயரை எனக்கு வைத்தவர் என் கணவர்.

முதலில் வீட்டுச் சாவிக்கொத்து ஐஸ்பெட்டிக்குள் கிடந்தது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"நீதான் வச்சிருப்பே," என்றார்.

"வச்ச ஞாபகமே இல்லீங்க."

"அதத்தான் நானும் சொல்றேன். ஞாபகம் இல்லே உனக்கு."

பிறகு பருப்பு தீய்ந்தது. பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் குளிக்கப் போனேன். சொல்லவே இல்லை என்று சாதித்தார். பீடோங் பக்கம் எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். அத்தனை தொழிலாளர்களின் பெயரையும் பதிவேட்டைப் பார்க்காமல் சொல்லக்கூடியவர். நானும் கூலிம் ஹைடெக் பூங்காவின் சிப் தொழிற்சாலையில், மைக்ரோஸ்கோப்புக்குள் கண்ணை வைத்து, மயிரிழைக் கீறலைக்கூட விடாமல் பிடித்தவள்தான். ஆனாலும் என்னைவிட அவரைத்தான் நம்பினேன்.

ஒருநாள் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் பழைய தோழி ஒருத்தியைப் பார்த்தேன். பெயர் வாயில் வரவில்லை. காருக்குத் திரும்பியதும் வந்துவிட்டது. அதை அவரிடம் சொன்னது என் தவறு. அன்றைக்கே ஜித்ராவில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டுவிட்டார்.

மகள் வந்தாள். "இனிமே நீங்க கார் ஓட்ட வேணாம்லா மா," என்று சாவியை வாங்கிக்கொண்டாள். "பிள்ளைய உங்ககிட்ட தனியா விடவும் பயமா இருக்கு." பேத்தியைத் தூக்கிக்கொண்டு அவள் புறப்பட்டபோது, அவர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவே இல்லை.

கடைசியில் என்னைச் சோதிக்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். டாக்டர் ஒரு தமிழ்ப் பெண். மூன்று வார்த்தைகளைச் சொல்லி மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு ஒரு கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொன்னார். வரைந்தேன்.

"முள்ளு கோணலா இருக்கு. குடு இங்க," என்று என் கணவர் பேனாவைப் பிடுங்கினார். அழகாக வட்டம் போட்டார். எண்களை எழுத ஆரம்பித்தார். எல்லாம் வலது பக்கத்திலேயே ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடித்து நின்றன. இடது பக்கம் காலி. முள்ளே போடாமல், திருப்தியோடு தாளை நீட்டினார்.

மகள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கிள், நான் சொன்ன மூணு வார்த்தையையும் சொல்லுங்க பாப்போம்," என்றார் டாக்டர் மெதுவாக.

"எந்த வார்த்தை?"

நான் மூன்றையும் சொன்னேன்.

பிறகு எனக்கும் என் கணவருக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். வயதானால் எல்லோர் மூளையும் கொஞ்சம் சுருங்கும், வேகம் குறையும், பெயர் தாமதமாக வரும், ஆனால் வந்துவிடும். எனக்கு இருந்தது அவ்வளவுதான் என்றார் டாக்டர். அவருக்கோ புதியதைப் பதித்துவைக்கிற பகுதியே அதிகமாகச் சுருங்கியிருந்தது. "சாவிய வச்சது அவர் மூளையில பதியவே இல்ல ஆண்ட்டி. அதனால நீங்கதான் வச்சீங்கன்னு உண்மையாவே நம்பியிருக்கலாம்."

அதைப் பிடித்துக்கொண்டு அவரை மன்னித்தேன். சில வாரங்கள் நிம்மதியாகக்கூட இருந்தது.

பிறகு அவருடைய அடையாள அட்டையைத் தேடி அலமாரியைத் திறந்தேன். துணிகளுக்கு அடியில் அலோர் ஸ்டார் கிளினிக் ஒன்றின் அட்டை கிடந்தது. ஞாபகப் பரிசோதனைக்கு அவர் பெயரில் கொடுத்தது. அடுத்த முறை குடும்பத்தாரோடு வரவும் என்று மலாயில் எழுதியிருந்தது. தேதியைப் பார்த்தேன். சாவி ஐஸ்பெட்டியில் கிடந்ததற்கு முந்தைய மாதம். கூட்டாளியைப் பார்க்கப் போகிறேன் என்று அவர் பஸ் ஏறிய நாள் அது.

"ஏங்க, இது என்ன?"

அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "உன் கார்டுதானே," என்றார். கண் என் முகத்தில் நிற்கவில்லை.

நோய் பேசியதா, அவர் பேசினாரா? டாக்டராலும் சொல்ல முடியவில்லை. மகளிடம் காட்டினேன். "விடுங்கமா, அப்பாவுக்கு முடியல," என்றாள். எனக்கு முடியவில்லை என்று நினைத்த இரண்டு வருஷமும் யாரும் எதையும் விட்டுவிடவில்லையே என்று கேட்டேன். அழுதாள். கார் சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

போன மாதம் செமிலிங்கில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்தில் இருந்த பழைய எஸ்டேட்காரப் பெண்ணிடம், "இவளுக்கு ஒன்னும் ஞாபகம் இல்லே. நான்தான் பாத்துக்கிறேன்," என்றார். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். வழக்கமாகச் சிரித்துவிடுவேன்.

"இல்லேக்கா. ஞாபகம் இல்லாதது அவருக்குத்தான்," என்றேன்.

அவர் முகம் சின்னதாகிவிட்டது. அதற்கு மேல் சாப்பிடவில்லை.

திரும்பும் வழியில், "ஏன் கோவமா இருக்கே?" என்று கேட்டார். சொன்னால் வீடு போய்ச் சேர்வதற்குள் மறந்துவிடுவார். இருந்தாலும் சொன்னேன். அட்டை, பேத்தி, பேப்பருக்குப் பின்னால் ஒளிந்த அவர் முகம், எல்லாவற்றையும். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார்.