பின்பக்க இடது கதவு

அப்பாவின் விரல்களில் எப்போதும் ரப்பர் வாசனை அடிக்கும். குளித்தாலும் போகாது, குழம்புச் சோறு பிசைந்தாலும் போகாது, நான் காய்ச்சலில் கிடக்கும்போது நெற்றியில் கை வைத்துப் பார்த்தாரென்றால் தைலத்தையும் மீறி அதுதான் மூக்கில் ஏறும். மறைமலைநகரில் இருந்த ஒரு கார் கம்பெனியில் அவர் ‘லைனில்’ வேலை பார்த்தார். லைன் என்றால் கார்கள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்காமல் ஊர்ந்து போய்க்கொண்டே இருக்கும் வரிசை. தன் முன்னால் வண்டி கடந்து போவதற்குள் அவரவர் வேலையை அவரவர் முடித்துவிட வேண்டும். அப்பாவுக்குக் கிடைத்தது பின்பக்க இடது கதவு. அதற்குள் பூட்டை வைப்பது, திருடன் கம்பி விட்டுத் திறக்காமலிருக்கப் பூட்டை மறைத்து ஒரு தகட்டை முடுக்குவது, கண்ணாடி ஏறி இறங்கும் இடத்தில் ரப்பர் ‘பீடிங்’கைச் சோப்புத் தண்ணீர் தொட்டு விரலால் அழுத்திப் பொருத்துவது, இவ்வளவுதான் வேலை. மற்ற மூன்று கதவைப் பற்றிக் கேட்டால், "அது என் ஸ்டேஷன் இல்ல பாப்பா" என்று சொல்லிவிடுவார்.

அந்தச் சின்னக் காரின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை, தெரிந்தவர்களுக்கு எழுதாமலே தெரியும். அதைச் செய்வதை நிறுத்திச் சில வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் அதைத் திரும்பக் கொண்டுவந்தே தீர வேண்டும் என்று ஒரு கூட்டம் இன்னும் கத்திக்கொண்டிருக்கிறது. போனில் ஒரு குழு, மாதம் ஒரு சந்திப்பு, காரின் படம் போட்ட பனியன், கம்பெனிக்கு அனுப்ப ஒரு மனு என்று அமர்க்களம்தான். அந்தப் பைத்தியங்களில் என் தம்பி தினாவும் ஒருவன். பதினைந்து வயது, லைசென்ஸ் எடுக்க இன்னும் மூன்று வருடம் கிடக்கிறது, ஆனால் அந்தக் காரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வாயை மூட மாட்டான். அந்தக் காருக்குள் அவன் ஒருநாள் சாகக் கிடந்தான். அதற்குக் காரணம் நான். இதைப் பதிமூன்று வருடமாக வீட்டில் மூச்சுவிடாமல் வைத்திருந்தேன்.

எனக்குப் பதினொரு வயது, தினாவுக்கு இரண்டு முடிந்திருந்தது. லைனில் பல வருடம் கதவு வேலை பார்த்த அப்பா அதே காரில் ஒன்றை வீட்டுக்கு ஓட்டிவந்த கோடை அது. ஊரப்பாக்கத்தில் எங்கள் தெருவே வந்து பார்த்தது. வந்தவர்களையெல்லாம் அப்பா நேராகப் பின்பக்க இடது கதவுக்குத்தான் கூட்டிப்போவார், திறந்து சாத்திக் காட்டி, "சத்தம் கேட்டியா? கப்புனு ஒக்காருது பாரு" என்பார். "ஏன்யா, முன்னாடி ஸ்டியரிங்னு ஒண்ணு கீதே, அத யாருக்கும் காட்ட மாட்டியா?" என்று அம்மா கிண்டல் பண்ணுவாள். அவளுக்கும் உள்ளுக்குள் பெருமைதான். புது வண்டிக்கு இரண்டு சாவி வந்தால் ஒன்றைச் சாமி படத்துக்கு முன்னால் மஞ்சள் குங்குமம் வைத்து விட்டுவிட வேண்டும், அதை எடுத்துப் புழங்கக் கூடாது என்பது அம்மா வீட்டு வழக்கம். அவள் அப்பா படகுக்கு எஞ்சின் வாங்கிய காலத்திலிருந்து அப்படித்தானாம். எங்கள் காரின் இன்னொரு சாவியும் அப்படியே சாமி படத்தடியில் உட்கார்ந்துகொண்டது.

வாங்கிய இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை புதுப்பட்டினத்தில் இருந்த அம்மா வீட்டுக்குக் கிளம்பினோம். அம்மாவின் தம்பி ஏழுமலை மாமா அப்போது மாமல்லபுரம் கரையிலிருந்து கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார். "வர்ற வழில வண்டிய எங்க ஆளுங்ககிட்ட காட்டிட்டுப் போ மச்சான், மீனும் தரேன்" என்று சொல்லியிருந்ததால் அங்கே நிறுத்தினோம். உச்சி வெயில். கடற்கரைக்குத் திரும்பும் சாலையோரம், ஒரு சிற்பப் பட்டறைக்கு எதிரே வண்டி நின்றது. மாமா கையசைக்க, அம்மா மீன் பார்க்கப் போனாள். அப்பா கண்ணாடிகளையெல்லாம் ஏற்றிவிட்டார். உப்புக் காற்று உள்ளே போனால் கதவுக்குள் துரு பிடிக்கும் என்பது அவர் ஓயாமல் சொல்லும் பாடம். எஞ்சினையும் ஏசியையும் ஓடவிட்டு, "அஞ்சு நிமிசம், தம்பியப் பாத்துக்கோ, எதையும் தொடாத" என்று என்னிடம் சொல்லிவிட்டு இறங்கினார்.

ஓடவிட்டுத்தான் இறங்கினார். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பிற்பாடு அவரே இதை மறந்துபோனார்.

தினா அழ ஆரம்பித்தான். பிஸ்கட் கொடுத்தேன், துப்பினான். பாட்டுப் போட்டேன், இன்னும் கத்தினான். வெளியே மாமாவின் படகை மணலில் இழுத்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள், ‘ஏலேலோ’ என்று சத்தம் கேட்கிறது, எனக்குக் கால் நிற்கவில்லை. அப்பா செய்வதைப் பார்த்திருந்தபடி முன்னால் எட்டிச் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் நின்றது. சாவியை உருவித் தம்பி கையில் கொடுத்தேன். சிவப்பு விளக்கு மினுக்கும் பட்டன் வைத்த சாவி அது, அழுகை நின்றுவிட்டது. நான் இறங்கி, அப்பாவைப்போலவே பின்பக்க இடது கதவைக் கப்பென்று சாத்திவிட்டுப் படகைப் பார்க்க நாலடி நடந்தேன். பின்னால் நான்கு கதவும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

திரும்பி ஓடிவந்து இழுத்தேன், திறக்கவில்லை. உள்ளே தினா சாவியை ஆட்டிக் காட்டிச் சிரித்தான். "இன்னொரு பட்டன் கண்ணு, இன்னொரு பட்டன்" என்று கண்ணாடியில் முகத்தை வைத்துக் கெஞ்சினேன், அவனுக்கு அது விளையாட்டாக இருந்தது. மறுபடியும் அமுக்கினான், மறுபடியும் பூட்டுகிற பட்டனையே. அப்புறம் சாவி கைநழுவி இரண்டு முன் சீட்டுக்கும் நடுவே விழுந்தது. "அப்பா!" என்று நான் போட்ட கூச்சலில் படகை இழுத்தவர்களே கயிற்றை விட்டுவிட்டார்கள்.

அப்பா ஓடிவந்தார். நேராக அவருடைய கதவுக்கு வந்தார். பீடிங்கின் ஓரத்தை நகத்தால் நெம்பினார். யாரோ ஒருவர் சைக்கிள் கம்பியைக் கொண்டுவந்து கொடுக்க, அதை வளைத்துக் கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவில் விட்டுத் துழாவினார். உள்ளே தகடு இருக்கிறது, கம்பி போகாது, அந்தத் தகட்டை வைத்தவரே அவர்தான். தெரிந்தும் அங்கேயே நின்றார். ஷிப்டு ஷிப்டாக அந்த ஒரு கதவையே தொட்டுத் தொட்டுப் பழகிய கைக்கு, காருக்கு இன்னும் மூன்று கதவும் அத்தனை கண்ணாடியும் இருப்பது தோன்றவே இல்லை. வேர்வை அவர் மூக்கு நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. "தொறந்துரும், தொறந்துரும்" என்று கதவிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

உள்ளே தினா அழ ஆரம்பித்திருந்தான். சட்டை உடம்போடு ஒட்டிவிட்டது, முகம் தக்காளியாகச் சிவந்துபோனது. மாமா மறுபக்கக் கதவைப் பிடித்து உலுக்கினார். "இன்னொரு சாவி எங்க மச்சான்?" என்று கேட்டார். ஊரப்பாக்கத்தில், சாமி படத்தடியில். போய்வர இரண்டு மணி நேரம் ஆகும். அழுகை சிணுங்கலானது. சிணுங்கலும் நின்று, தினா சீட்டில் ஒருக்களித்துச் சாய்ந்துவிட்டான். அந்த மௌனம் இருக்கிறதே, அதற்கப்புறம் என் வாழ்க்கையில் எதற்கும் நான் அப்படிப் பயந்ததில்லை.

அம்மா மீன் பையைப் போட்டுவிட்டு வந்தாள். ஒரு பார்வைதான். எதிரே இருந்த பட்டறைக்குள் ஓடி, அரைகுறையாய் நின்ற ஒரு பிள்ளையார் மடியிலிருந்து உளியையும் சுத்தியையும் தூக்கிக்கொண்டு வந்தாள். அப்பா அவள் கையைப் பிடித்துவிட்டார்.

"இரு செல்வி, ஒரு நிமிசம், தொறந்துரும்."

"புள்ள சாவுது, நீ ரப்பர நோண்டிகினுகீற! வுடுய்யா கைய!"

உதறிக்கொண்டு போய் டிரைவர் பக்கக் கண்ணாடியின் நட்டநடுவில் அடித்தாள். உளி வழுக்கியது. இன்னொரு அடி, அதுவும் வழுக்கியது. அப்போது அப்பா நின்ற இடத்திலிருந்தே அழுதுகொண்டு கத்தினார்: "நடுவுல இல்ல, கீழ் மூலையில அடி! மூலையில!" கண்ணாடியின் பலம் எங்கே, பலவீனம் எங்கே என்று அவருக்குத் தெரியும். அடிக்கத்தான் அவரால் முடியவில்லை. ஒரு கீறல் விழுந்தாலும் வண்டியை லைனிலிருந்து ஒதுக்கி ‘ரீவொர்க்’ என்று சீட்டு ஒட்டிப் பத்துப் பேர் முன்னால் நிற்கவைக்கிற இடத்தில் வேலை பார்த்தவர் அவர். மூன்றாவது அடியில் கண்ணாடி கல்கண்டாக உதிர்ந்தது. மாமா கையை விட்டுத் திறந்து தினாவைத் தூக்கினார். தலை தொங்கியது. பட்டறைக்காரர் ஒரு குடம் தண்ணீரை அப்படியே அவன் மேல் கவிழ்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் ஓங்கரித்து வாந்தி எடுத்தான், அதற்கப்புறம் அழுதான். சுற்றி நின்ற அத்தனை பேரும் அந்த அழுகையைக் கேட்டுத்தான் மூச்சு விட்டோம்.

"சாவிய எங்கய்யா வுட்ட?" என்று அம்மா கேட்டாள். அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடி விழும் என்ற பயம், வேறு ஒரு காரணமும் இல்லை. "சீட்டுல வச்சிட்டு எறங்கிட்டேன் போல கீது" என்றார் அவர். நனைந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மா பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள். காரில் ஏறவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, அதற்கப்புறமும் ஏறவே இல்லை. கல்யாணம், காதுகுத்து, கோயில், எங்கே போனாலும் அப்பா எங்களைக் காரில் கூட்டிப்போவார், அம்மா செங்கல்பட்டு வரை ரயில், அங்கிருந்து பஸ் என்று தனியாக வந்து சேருவாள். "எனக்கு அது ஒத்துக்காது" என்று ஊருக்குச் சொல்லுவாள். வீட்டுக்குள் சண்டை வந்தால் மட்டும், "உனுக்குப் புள்ளயவிட காரு பெருசு" என்பாள், அப்பா வாயைத் திறக்க மாட்டார். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வரும். நாள் ஆக ஆகச் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போனது. நான் கோழை, வேறென்ன சொல்ல?

போன மாதம் அந்த ரசிகர் கூட்டம் மாமல்லபுரம் அருகே கடலோரச் சாலையில் ஒரு சவுக்குத்தோப்பில் கூடியது. லைனில் வேலை பார்த்தவர் என்று தினா பெருமையடித்து அப்பாவை அழைத்துப் போயிருந்தான், நானும் அவர்களோடு காரில் போயிருந்தேன். பிள்ளையின் நச்சரிப்பு தாங்காமல் அம்மாவும் வந்திருந்தாள், வழக்கம்போல பஸ்ஸில். இருபது கார்களாவது இருக்கும், எல்லாம் எங்கள் கார், வண்ணம்தான் வேறு. கூட்டத்தை நடத்திய விக்னேஷ் என்ற பையன் மைக்கை அப்பாவிடம் நீட்டி, "அண்ணாத்த, வண்டி திரும்ப வந்தா இன்னா மாத்தணும்? மனுவுல எழுதிடலாம்" என்றான்.

அப்பா மைக்கை வாங்கினார். "வண்டில ஒண்ணும் மாத்த வேணாம்பா" என்றார். "என்னிய மாதிரி ஆளுங்கதான் மாறணும். நான் எஞ்சின ஆப் பண்ணி, சாவியப் புள்ளகிட்ட வுட்டுட்டு எறங்கினவன்." அந்தப் பகலில் நடந்தது முழுவதையும் அந்நியர்கள் முன்னால் சொன்னார். தினா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். அம்மா, "இப்பவாவது ஊரறிய ஒத்துக்கினியே" என்றாள். எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"அவர் ஆப் பண்ணலம்மா, நான்தான் பண்ணேன். சாவிய உருவித் தினா கைல குடுத்ததும் நான்தான்."

அப்பா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் மைக்கைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து, குழந்தை கேட்பதைப்போலக் கேட்டார்: "நான் ஏசிய ஓடவுட்டுட்டுத்தான் எறங்கினனா?"

"ஆமாப்பா."

"நல்லா நெனப்பு கீதா?"

"கீதுப்பா."

"பதிமூணு வருசமா என் கையால சாவியத் திருப்பின மாதிரியே ஞாபகம் இருந்துச்சி பாப்பா" என்று சொல்லிவிட்டுத் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தக் கணத்தில் பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றாயிருக்கும். அடித்திருந்தால்கூடத் தேவலை.

அம்மா எழுந்தாள். புடவையில் ஒட்டிய சவுக்கு ஊசிகளைத் தட்டிவிட்டு நேராக எங்கள் காரிடம் போனாள். முன் கதவைத் திறந்து, உட்கார்ந்து, பெல்ட் எப்படிப் போடுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் இழுத்துப் பார்த்தாள். தினா ஓடிப்போய் மாட்டிவிட்டான். "இன்னாய்யா நின்னுகினுகீற, வந்து வண்டிய எடு" என்று அப்பாவைக் கூப்பிட்டாள். "கண்ணாடிய ஒடைக்க வுடாத கத வேற, அத வூட்டுல போய்ப் பேசிக்கிறேன்." அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓடினார். தினா பின்னால் ஏறினான். நானும் போய்க் கதவில் கை வைத்தேன்.

அம்மா கண்ணாடியை இறக்கி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ பஸ்ஸுல வா."

கார் போய்விட்டது. விக்னேஷ் சங்கடத்தோடு மனுவை நீட்டினான், கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்த லைன் இப்போது இல்லை, விடிகாலையில் எங்கள் தெருமுனையில் ஹாரன் அடிக்கும் கம்பெனி பஸ் இல்லை, அப்பா ஒரு அடுக்ககத்தில் வாட்ச்மேனாக இருக்கிறார், கார் ஒருவேளை திரும்பி வரலாம். அம்மாவும் அப்பாவும் பேசிக்கொண்டே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்க வேண்டிய பதிமூன்று வருடத்து ஞாயிற்றுக்கிழமைகளை யாரிடம் மனுப் போட்டுக் கேட்பது? செங்கல்பட்டு பஸ் வந்தது, சரியான கூட்டம். திருக்கழுக்குன்றம் தாண்டியும் உட்கார இடம் கிடைக்கவில்லை, நான் கேட்கவும் இல்லை.