இரண்டு முறை கொடுத்த அம்மி

அக்கரப்பத்தனை தேயிலைத் தோட்டத்து மேற்பிரிவில், லயம் என்கிற தொழிலாளர் வீட்டு வரிசையில் இருக்கும் ஜெயந்தினிக்கு எதிலும் அவசரம். கொழுந்து மலையில் மற்றப் பெண்கள் இடுப்பில் படங்குத் துணியைக் கட்டி முடிப்பதற்குள் அவள் பாதி நிரைச் செடிகளில் கொழுந்து எடுத்திருப்பாள். அந்த அவசரத்தை மலையோடு விட்டிருக்கலாம். வீட்டுக்கும் கொண்டுவந்ததுதான் வினையாகப் போயிற்று.

அவள் கணவன் வினோஜன் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் சமையல்காரனாக இருந்தவன். கைப்பக்குவம் நன்றாக இருந்ததால் இங்கிலாந்தில் ஒரு கடலோர ஊரில் வேலை கிடைத்து, முறையான வேலை விசாவில் போனான். அவன் போகும்போது மகள் கவிஷா தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போது ஓடியாடி வம்பு வளர்க்கிறாள். அப்பா எங்கே என்று கேட்டால் சார்ஜில் கிடக்கும் போனைக் கை காட்டுவாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். ஜெயந்தினி மட்டும் சிரிக்க மாட்டாள்.

"வீடு பாத்துட்டேன். அடுத்த மாசம் ஒங்க ரெண்டு பேருக்கும் விசாவுக்குப் போட்டுரலாம்" என்று ஒருநாள் வினோஜன் சொன்னதுதான் தாமதம், ஜெயந்தினி வீட்டைக் காலி செய்ய ஆரம்பித்துவிட்டாள்.

லயத்தை விட்டு வெளிநாடு போகிறவர்கள் சட்டிபானையை விற்பதில்லை. யார் யாருக்கு எது வேண்டும் என்று முன்பே கேட்டு வைத்திருப்பார்கள், கொடுத்துவிட்டுப் போவார்கள். ஆனால் புத்தியுள்ளவர்கள் அதைப் பயணம் கிளம்புகிற அன்றுதான் செய்வார்கள். இவளோ விண்ணப்பம்கூடப் போடாமல் அண்டாவைக் கொடுத்தாள், கம்பளியைக் கொடுத்தாள், கோழியைக் கூட்டோடு கொடுத்தாள். பக்கத்துக் காம்பரா வீட்டு ராசம்மா வெகுநாளாக ஆசைப்பட்டுக்கொண்டிருந்த அம்மியையும் குழவியையும் தூக்கிக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு ஒரு ராணியைப் போல வெறும் வீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த ஞாயிறு டவுனுக்குச் சாமான் வாங்கப் போனாள். கடைக்கார ஸஜ்ஜாத் பருப்பை நிறுத்துக்கொண்டே சொன்னார்:

"தங்கச்சி, இங்கிலாந்துல சட்டத்த மாத்திட்டாங்களாமே. குக் வேலைக்குப் போறவங்க இனிமே பொண்டாட்டி புள்ளைய எடுக்க ஏலாதாம். போன்ல நியூஸ் பார்த்தேன்."

பருப்புப் பையை வாங்காமலே பஸ் ஏறினாள். அவள் லயத்துக்கு வருமுன் செய்தி வந்துவிட்டது. அதற்கு எந்த பஸ்ஸும் தேவைப்படவில்லை.

அன்று பொழுது சாயும்போது ராசம்மா வாசலில் நின்றாள். பழைய படங்கில் சுற்றிய அம்மி அவள் இடுப்பில் இருந்தது.

"வச்சுக்க ஜெயந்தி. சம்பலுக்கு என்னா பண்ணுவ?"

"அப்ப நான் போகவே மாட்டேன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களாக்கா?"

ராசம்மாவுக்கு முகம் சுண்டிப்போனது. அம்மியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனாள். நல்ல மனசோடு வந்தவளிடம் இப்படியா பேசுவது? பேசியது தப்பு என்று ஜெயந்தினிக்கும் தெரியும். ஆனால் அம்மியைத் திரும்ப வாங்கிக்கொண்டால் ஆசையை விட்டுவிட்டதாக ஆகிவிடும். அதனால் தினமும் சம்பலுக்கு மிளகாயையும் துருவிய தேங்காய்ப்பூவையும் தட்டில் ஏந்தி ராசம்மா வீட்டுக்கே போய், தான் கொடுத்த அம்மியில் இரவல் கேட்டு அரைத்தாள். இருவரும் முகம் பார்த்துக்கொள்வதில்லை.

வினோஜனுக்கும் சரியாக ஒன்றும் தெரியவில்லை. விசாரித்துச் சொல்வதாகச் சொன்னான். பிறகு இரண்டு மூன்று நாள் பேச்சே இல்லை. கடைசியில் அவனே அழைத்தான்.

"என்னால இப்புடித் தனியா இருக்க முடியல ஜெயந்தி. எல்லாத்தயும் விட்டுட்டு வந்துறவா?"

ஜெயந்தினி போனை வைத்துவிட்டு நேராக ராசம்மா வீட்டுக்குப் போனாள். அம்மியை அவளே இடுப்பில் ஏற்றிக்கொண்டு வந்து பழைய இடத்தில் வைத்தாள். பிறகு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ராசம்மா பின்னாலேயே குழவியை எடுத்துக்கொண்டு வந்தாள். அதை அம்மியின் மேல் வைத்துவிட்டு அவள் முதுகைத் தடவிக்கொண்டு கூடவே உட்கார்ந்திருந்தாள். ஜெயந்தினிக்கு அதுதான் ஆறுதலாக இருந்தது.

அந்த வாரக் கடைசியில் வினோஜன் மறுபடி அழைத்தான். இந்த முறை மூச்சு வாங்கப் பேசினான்.

"மொதலாளியம்மா வக்கீல்கிட்டயே கேட்டுட்டாங்க. அது புதுசா வர்றவங்களுக்குத்தானாம். சட்டம் மாறுறதுக்கு முன்னாடியே இந்த விசாவுல வந்தவங்க குடும்பத்தக் கூப்பிடலாமாம். நமக்கு ஒண்ணுமில்ல, ஜெயந்தி. நமக்கு ஒண்ணுமில்ல!"

ஜெயந்தினி அம்மியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். லயம் முழுக்கக் கேட்கும்படி கத்த வேண்டும் போல வாய் துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். விண்ணப்பம் போட்டபோதும் யாரிடமும் மூச்சு விடவில்லை. விசாவுக்குக் கைரேகை வைக்கக் கொழும்புக்குப் போய் வந்தபோதுகூட, கேட்டவர்களிடம் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று சொன்னாள். சம்பல் மட்டும் சொந்த அம்மியிலேயே அரைபட்டது.

மறுபடி ஒருநாள் கொழும்புக்குப் போனாள். திரும்பி வரும்போது நல்ல மழை. பஸ்ஸை விட்டு இறங்கி, கவிஷாவைத் தோளில் போட்டுக்கொண்டு லயத்து மேட்டில் ஏறியவள் தன் வீட்டுக் கதவைத் திறக்கவில்லை. நனைந்த தலையோடு ராசம்மா வாசலில் போய் நின்றாள். விசா ஒட்டிய பாஸ்போர்ட் இரண்டும் சட்டைக்குள் பத்திரமாக இருந்தன.

"அக்கா, வந்து அம்மியத் தூக்கிட்டுப் போங்க."

ராசம்மா அடுப்பை விட்டு எழுந்தாள். அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகுதான் விளங்கியது. "அடிப் பாவி!" என்று இழுத்து அணைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள், சிரித்தார்கள். சத்தம் கேட்டு லயமே வாசலுக்கு வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ராசம்மா சொன்னாள்:

"நீ ஏறுன பஸ்ஸு வளைவுல மறையட்டும். அப்பறம் வந்து எடுத்துக்கிறேன்."