குமிழிக்குள் குடித்தனம்

"இல்லை," என்று எங்கள் ஆய்வுக்கூடத்து அக்கா தட்டை நகர்த்திவிட்டு அடுத்ததை மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைத்தாள். "இதுலயும் இல்லை. வீடு காலி."

செல்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு ஆரோக்கியமாக இருந்தன. அதுதான் கவலை. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் பெரிய குமிழி ஒன்றும், அதற்குள் துள்ளும் பாக்டீரியாக்களும் தெரிந்திருக்க வேண்டும்.

அவள் வளர்ப்பது தனியாக வாழத் தெரியாத ஒரு கிருமி. இன்னொரு உயிரின் செல்லுக்குள் நுழைந்து, அங்கேயே ஒரு குமிழி கட்டிக் குடியேறிவிடும். சாப்பாடு எல்லாம் வீட்டுக்காரர் செலவு. செல் விழித்துக்கொண்டால் குமிழியோடு சேர்த்துச் செரித்துவிடும். ஆனால் செரிப்பதில்லை. கிருமியின் ஒரு மரபணு உண்டாக்கும் புரதம் குமிழிச் சுவரில் போய் உட்கார்ந்து, செரிக்க வரும் அமிலப் பைகளை அண்டவிடாமல் தடுக்கிறது என்று அவள் சொன்னாள். அந்த மரபணுவை வெட்டிவிட்ட கிருமி, உள்ளே போன வேகத்தில் செரித்துப்போனதையும் காட்டினாள்.

எங்கள் தொழிலில் வெட்டிக் காட்டினால் மட்டும் போதாது. வெட்டியதைத் திருப்பி வைக்க வேண்டும். வைத்ததும் கிருமி பிழைக்க வேண்டும். அப்புறம்தான் நம்புவார்கள். இன்று, திருப்பி வைத்த கிருமியும் செத்திருந்தது.

பேராசிரியர் வந்து பார்த்தார். அவருக்கு எங்கள் கூடத்தில் கத்தரி என்று பெயர். யார் எழுதிய கட்டுரையானாலும் பாதியை வெட்டாமல் தரமாட்டார்.

"திருப்பி வெச்சும் பொழைக்கலைன்னா இந்த மரபணு காரணம் இல்லைம்மா. வெட்டும்போது வேற எதையோ உடைச்சிருக்கீங்க. கருத்தரங்குல பேசறதை வாபஸ் வாங்கிடலாம்."

"இன்னொரு தடவை பார்த்துட்டுச் சொல்றேன் சார்."

"பாருங்க. கருத்தரங்குக்கு முன்னாடி சொல்லிடுங்க."

பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சராக இருந்தவள் அவள். சின்னவன் பள்ளிக்குப் போன பிறகுதான் ஆராய்ச்சிக்கு வந்தாள். கூடப் படித்தவர்கள் எல்லோரும் அக்கா என்றார்கள். "எங்க மருமக கிருமி வளக்குறா," என்று மாமியார் அக்கம்பக்கத்தில் சொல்வார். "நாங்க ரெண்டு பேரப்பிள்ளைங்களை வளக்குறது போதாதுன்னு." சொல்லும்போது முகத்தில் சலிப்பு இருக்காது. இத்தனை வருடத்தில் அவளுக்கென்று சொல்லிக்கொள்ள இருந்தது இந்த ஒரு மரபணுதான்.

டீ ஆறிப்போகும் வரை நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு பக்கத்து மேசைக்காரரிடம் சொன்னாள்: "கரன்ட் போனா மொதல்ல எதிர்வீட்டைத்தானே எட்டிப் பார்ப்போம்? நான் பார்க்கவே இல்லை."

எதிர்வீடு என்று அவள் சொன்னது எதையும் வெட்டாத அசல் கிருமியை; அது எப்போதும் பிழைக்கும். தினமும் பார்க்கிற முகம். அதனால் இந்த முறை அதைக் கூடவே வைக்கவில்லை. மாணவர்கள் இப்படிச் செய்தால் அவளே திட்டித் தீர்த்திருப்பாள். இப்போது அசல், வெட்டியது, திருப்பி வைத்தது மூன்றையும் வரிசையாக வைத்தாள். செல்களுக்கு ஊற்றும் திரவத்தையும் அதே பாட்டிலிலிருந்து எடுத்தாள். சில நாள் கழித்துப் பார்த்தால், அசலும் செத்துக் கிடந்தது. அப்படியானால் கொன்றது மரபணு வெட்டு இல்லை; மூன்றுக்கும் பொதுவாக இருந்தது திரவம்தான். அவள் சிரித்தாள். பக்கத்து மேசைக்காரர் பயந்துபோனார்.

அந்தத் திரவத்துக்கு எங்கள் பேச்சில் மீடியா என்று பெயர்; நேராக மீடியா அறைக்குப் போனாள். எல்லோருக்கும் திரவம் கலந்து பாட்டிலில் நிரப்பித் தருகிற அண்ணன் அங்கே மூடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, என் பாட்டில்ல என்ன போட்டீங்க?"

"எப்பவும் போடறதுதான்மா." யோசித்தார். முகம் மலர்ந்தது. "ஆங், மருந்து! அடுத்த ரூம்ல செல் பூரா கிருமி புடிச்சுக் குப்பைக்குப் போச்சுல்ல? உங்களுக்கும் வந்துடக் கூடாதுன்னு நானே போட்டேன். நல்ல ஆன்டிபயாட்டிக். செல்லுக்குள்ள ஒளிஞ்சிருந்தாலும் விடாது."

"அண்ணே, நான் வளக்குறதே கிருமிதான்."

துணி கையிலேயே நின்றது. "ஐயையோ." அதைக் கீழே வைத்துவிட்டு, "கிருமி வந்துடுச்சுன்னு அழறவங்களைத்தான் பார்த்திருக்கேன். செத்துப்போச்சுன்னு வந்து நிக்கிற ஒரே ஆள் நீங்கதாம்மா," என்றார்.

"அழ வரலைண்ணே. கொன்னது நீங்கன்னு தெரிஞ்சதுல உயிரே வந்துடுச்சு. மருந்தில்லாம ஒரு பாட்டில் குடுங்க."

கருத்தரங்குக்கு முந்தின நாள் பேராசிரியரைக் கூப்பிட்டாள். முதல் தட்டில் அசல்: குமிழி இருந்தது. இரண்டாவதில் வெட்டியது: வீடு காலி. மூன்றாவது, திருப்பி வைத்தது; அதன்மேல் அவர் வெகு நேரம் குனிந்திருந்தார். செல்லுக்குச் செல் குமிழி. உள்ளே சந்தைக் கூட்டம் போலக் கிருமிகள் முட்டி மோதிக்கொண்டிருந்தன.

நிமிர்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"தலைப்புல 'காரணமாக இருக்கலாம்'னு போட்டிருந்தீங்கல்ல?"

"ஆமா சார்."

"அந்த 'இருக்கலாம்'ஐ வெட்டிடுங்க."

அவர் வெட்டியதில் அவள் சந்தோஷப்பட்டது அந்த ஒன்றுக்குத்தான். கருத்தரங்கில் மேடையேறி, மருந்து போட்ட கதையையும் எதிர்வீட்டைப் பார்க்க மறந்ததையும் சேர்த்தே சொன்னாள். கேள்வி கேட்க எழுந்தவர்களில் ஒருவராலும் அவளை அசைக்க முடியவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த மீடியா அண்ணன்தான் முதலில் கைதட்டினார். நாங்கள் அவரை முந்தியிருக்க வேண்டும்.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் வந்து செல்களுக்குத் திரவம் மாற்றினாள். புது பாட்டில்களில் 'மருந்து வேண்டாம்' என்று எழுதிய துண்டுகள் ஒட்டியிருந்தன; அண்ணன் கையெழுத்து. பழைய தட்டுகளைக் கொதிகலனில் போட்டுக் கிருமிகளைக் கொன்றுவிட்டு, கை கழுவிக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனாள்.