வெள்ளவத்தைச் சுருளும் கொட்டாஞ்சேனைச் சுருளும்

பௌதிகவியல் படிப்பிக்கிறவனுக்கு ஊரில் இல்லாத உறவுக்காரர்கள் எல்லாம் இருப்பார்கள். நியூற்றனின் தொலைகாட்டி, கெல்வினின் கல்வனோமானி, ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருள் என்று கருவிக்குக் கருவி யாராவது ஒருவர் தன் பெயரை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். மாணவர்கள் அந்தப் பெயரை விழுங்கிவிட்டு வெறுமனே "சுருள்" என்று எழுதினால் எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். ஒரு மனிதன் வாழ்நாளெல்லாம் மினக்கெட்டுச் சம்பாதித்த பெயரை எழுதப் பஞ்சிப்படலாமா? அதிலும் கடைசிப் பெயர் மேல் எனக்குத் தனிப் பாசம். எனக்குக் கல்யாணம் செய்து வைத்தது அந்தச் சுருள்தான்.

என் மனைவி அப்போது கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் பௌதிகவியல் ஆசிரியை. நான் வெள்ளவத்தைப் பக்கம் ஆண்கள் பாடசாலை. உயர்தரப் பரீட்சை விடைத்தாள் திருத்தப் போன இடத்தில் பழக்கமானோம். அரைப் புள்ளி கொடுக்கலாமா கூடாதா என்று நாள் முழுக்கச் சண்டை பிடித்தோம். பிறகு அந்தச் சண்டை இல்லாத நாட்கள் எனக்கு உப்புச் சப்பில்லாமல் போயின. நான் அவரை மிஸ் என்பேன், அவர் என்னை சேர் என்பார். இருவருக்கும் நாற்பது எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வயது. விருப்பத்தைச் சொல்லி முடித்தபோதும் மிஸ், சேர்தான்.

சிக்கல் இரண்டு அம்மாக்களிடம் இருந்தது. "சேர்ச்சுக்குப் போற பிள்ளையோ? உன்னைக் கிறிஸ்தவ வேதத்துக்கு மாத்திப்போடுவினம். நான் அந்தப் பகுதியை வீட்டுக்குக் கூப்பிட மாட்டன்" என்றார் என் அம்மா. கொட்டாஞ்சேனையிலும் அதே பயம்தான், திசைதான் வேறு. மகளுக்குத் திருநீறு பூசிவிடுவார்கள் என்று அந்த அம்மா உபவாசம் இருக்கத் தொடங்கியிருந்தார். அம்மாக்களை மீறிக் கட்ட எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை. அம்மாக்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை. பார்த்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும் என்பது மிஸ்ஸின் கணக்கு.

அப்போதுதான் எங்கள் இரண்டு பாடசாலைகளும் சேர்ந்து விஞ்ஞானக் கண்காட்சி நடத்துவதாக முடிவாயிற்று. மிஸ் உடனே ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருளைத் தெரிவு செய்தார். அது சோடிக் கருவி. ஒரே அளவான இரண்டு கம்பிச் சுருள்களை நேருக்கு நேர் நிறுத்தி மின்னோட்டம் விட்டால், நடுவில் வைத்த திசைகாட்டியின் முள் வடக்கை விட்டுத் திரும்பும். ஒரு சுருள் என் வீட்டில், மற்றது அவர் வீட்டில். அம்மாக்களையும் உதவிக்குப் பிடிப்பது, தங்கள் கைவேலையைப் பார்க்க வரச் சொல்லி இருவரையும் கண்காட்சிக்கு இழுப்பது. இதுதான் திட்டம்.

ஒரே மாதிரியான இரண்டு பெயின்ற் வாளிகளை வெட்டி வளையம் எடுத்தோம். புறக்கோட்டையில் செப்புக் கம்பி வாங்கிப் பங்கிட்டோம். அம்மா முதலில் அசையவே இல்லை. போன மாதம் கண் டொக்டர் ஒரு சின்ன வெளிச்சக் கருவியால் அவருடைய கண்ணுக்குள் பார்த்தாரே, அதைக் கண்டுபிடித்ததும் இதே ஹெல்ம்ஹோல்ட்ஸ்தான் என்றேன். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்ர கண்ணுக்குள்ள பாத்த மனுசனோ? அப்ப கொண்டா கம்பியை."

அம்மாவுக்கு எதுவும் வலமாகத்தான் சுற்ற வேண்டும். கோயில் வீதியும் வலம், கற்பூரத் தட்டும் வலம், சொதிச் சட்டியில் அகப்பையும் வலம். கம்பியும் வலமாகவே சுற்றப்பட்டது. கொட்டாஞ்சேனையில் அந்த அம்மா சேர்ச்சில் முதல் நன்மை வாங்கும் பிள்ளைகளுக்குச் சட்டை தைப்பதில் பேர் பெற்றவர், இடக்கைக்காரர். தையல் மெஷின் பொபினில் நூல் சுற்றுகிற பழக்கத்தில் தன் கை போன பக்கம் சுற்றினார். எத்தனை சுற்று என்று நானும் மிஸ்ஸும் போனில் மணிக்கணக்காகப் பேசினோம். எந்தப் பக்கம் என்று ஒரு வார்த்தை பேசவில்லை. வலக்கை விதியை வருடக்கணக்காகப் படிப்பித்து வருகிறவர்கள் நாங்கள் இருவரும்!

அவரவர் வீட்டில் தனித்தனியே சோதித்துப் பார்த்தோம். என்னுடையது முள்ளைத் திருப்பியது. அவருடையதும் திருப்பியது. பிறகென்ன, கண்காட்சியன்று காலை நான் சுருளை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். பக்கத்தில் அம்மா புதுச் சேலையில் இருந்தார். "மேக்க மொகக்த சேர்?" என்று மடியில் இருந்ததைக் காட்டி, இது என்ன எனக் கேட்ட கண்டக்டரிடம், எனக்கு முன்னால் அம்மாவே தன் உடைந்த சிங்களத்தில் விளக்கம் சொல்லத் தொடங்கிவிட்டார்.

கண்காட்சி மண்டபத்தில் இரண்டு அம்மாக்களையும் முன்வரிசையில் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் இருத்தினோம். இருவரும் நேரே பார்த்துக்கொண்டிருந்தார்கள், திரும்பினால் கழுத்து ஒடிந்துவிடும் என்பதுபோல. மிஸ் அழகாக விளக்கம் சொன்னார். நான் மின்சார ஆளியைப் போட்டேன்.

முள் அசையவில்லை.

பற்றரியை மாற்றினேன். அசையவில்லை. கம்பித் தொடுப்பைச் சுரண்டினேன். முள் வடக்கைப் பார்த்துக்கொண்டு தவம் கிடந்தது. பின்வரிசைப் பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கினார்கள். கருவி போனால் போகட்டும், இந்தக் கல்யாணமும் இப்படியே நின்றுவிடும் என்று மனம் அடித்துக்கொண்டது.

"எங்கட சுருள் வீட்ட நல்லா வேலை செய்தது" என்றார் என் அம்மா, யாருக்கும் இல்லாமல் காற்றுக்கு.

"எங்கடதும் நல்லாத்தான் செஞ்சிச்சு" என்றார் அடுத்த கதிரை.

அம்மா திரும்பினார். "நான் பிழைவிடேல்ல. இஞ்சை பாருங்கோ, இப்பிடி இப்பிடித்தான் சுத்தினனான்."

"நானும் இப்படி இப்படித்தான் அக்கா சுத்தினேன். முப்பது வருஷமா மெஷின்ல இருக்கிறவ நான்."

இரண்டு கைகளும் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்று வலமாக, மற்றது இடமாக. நான் மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு சுருள் கிழக்கே இழுக்க, மற்றது அதே பலத்தோடு மேற்கே இழுக்க, நடுவில் மிச்சம் சைபர். இரண்டிலும் பிழையில்லை. பிழை முழுக்க எங்களுடையது.

மிஸ் அதை அம்மாக்களுக்குச் சொன்னார். என் அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"அப்ப ஒராள் சுத்தினதை அவிட்டுப்போட்டுத் திருப்பிச் சுத்தவேணுமோ? ஆரின்ர சுருளை?"

அடுத்த கதிரையும் எட்டித் தன் சுருளைப் பார்த்தது. தங்கள் சுருளைத்தான் அவிழ்க்கப்போகிறோம் என்று இருவருமே நினைத்திருக்க வேண்டும்.

"ஒருத்தரும் அவிழ்க்கத் தேவையில்ல அம்மா" என்றார் மிஸ். முதன்முதலாக என் அம்மாவை அம்மா என்றார். "ரெண்டும் சுத்தின மாதிரியே இருக்கட்டும். ஒரு சுருளோட இந்த ரெண்டு வயரையும் மாத்திக் குடுத்தா சரி."

மாற்றிக் கொடுத்தார். நான் ஆளியைப் போட்டேன். முள் ஒரு துள்ளுத் துள்ளிக் கிழக்கே திரும்பி, இரண்டு முறை ஆடி, நின்றது. பிள்ளைகள் மேசையில் தட்டி ஆரவாரித்தார்கள். கொட்டாஞ்சேனை அம்மா என் அம்மாவின் தொடையில் ஒரு அடி போட்டு, "பாத்தீங்களா அக்கா!" என்றார். அம்மா சிரித்தார். பல் தெரிய அவர் சிரித்து நான் பார்த்து நெடுநாள் ஆகியிருந்தது.

பிறகு இருவரும் எழும்பி மேசைக்கு வந்து, யாரையும் கேட்காமல் ஆளியைப் போட்டுப் போட்டு நிறுத்தி விளையாடினார்கள். முள் திரும்பும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். மற்ற மேசைகளுக்குப் போன பிள்ளைகள்கூட திரும்பி வந்துவிட்டார்கள்.

புறப்படும்போது அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். வீட்டுக்குக் கூப்பிட மாட்டேன் என்று சொன்ன அதே வாயால், அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"வாற ஞாயிற்றுக்கிழமை பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எங்கட வீட்ட வாங்கோ. அவசரமில்லை, சேர்ச்சில உங்கட பூசை முடிஞ்ச பிறகு வாங்கோ."