ரெண்டு, ஒண்ணு

நம்பாவிட்டால் போகட்டும். வெர்னா பிக்கெட் இன்றைக்கும் காதில் எதையும் மாட்டிக்கொள்வதில்லை. போன் பேசினால்கூட ஸ்பீக்கரில்தான். நடந்தது பட்டப்பகலில். ஸ்டுடியோவில் ஜன்னல் கிடையாது என்பதால் பகல் உள்ளே வரவில்லை, அவ்வளவுதான்.

மிச்சிகனில் ஒரு சமுதாயக் கல்லூரி. கார் உதிரிபாகத் தொழிற்சாலை மூடியதும், நாற்பத்தொரு வயதில் வெர்னா அங்கே ஊடகப் படிப்பில் சேர்ந்தாள். அன்று கடைசித் தேர்வு: ஐந்து நிமிடம் நேரலையில் செய்தி வாசிக்க வேண்டும். தேறினால் பல்கலைக்கழகத்தில் இடம். தவறினால் கிடங்கில் பெட்டி தூக்க வேண்டியதுதான்.

பேராசிரியர் ஹால்வர்சன் ஒரு காலத்தில் பதினோரு மாதம் டிவியில் வானிலை சொன்னவர். தன்னைக் கேட்டுத்தான் மழை பெய்தது என்ற நினைப்பு இன்னும் போகவில்லை.

"குரல்ங்கிறது ஒரு சமஸ்தானம், வெர்னா."

"சரி புரொஃபசர். ராஜா கொஞ்சம் தள்ளி நிக்கட்டும், லைட்டை மறைக்கிறார்."

கேமராவுக்குப் பின்னால் நின்ற மாணவன் டெஸ் சிரித்தான். "அம்மணி, இயர்பீஸ் மாட்டியாச்சா?"

மாட்டியிருந்தாள். ஹால்வர்சன் கட்டுப்பாட்டு அறைக்குப் போய் உட்கார்ந்தார். அங்கிருந்து டியோ என்ற பையன் அவள் காதில் எண்ணினான்.

"அஞ்சு... நாலு... மூணு..."

அதற்குள் மைக் திறந்துவிடும்; காதில் சொல்வதும் அதில் கசிந்துவிடலாம். அதனால் கடைசி இரண்டை யாரும் வாயால் சொல்வதில்லை; விரலால்தான் காட்டுவார்கள். டெஸ் இரண்டு விரலை உயர்த்தினான்.

"ரெண்டு," என்றது காதில் ஒரு பெண் குரல். "ஒண்ணு."

அந்தக் குழுவில் வேறு பெண்ணே கிடையாது.

சிவப்பு விளக்கு எரிந்தது. வெர்னா வாசித்தாள். பள்ளி நிர்வாகக் கூட்டம். பாலம் பழுது. காதில் மூச்சுச் சத்தம்... உள்ளே இழுக்கும் மூச்சு மட்டும். வெளியே விடும் சத்தமே இல்லை.

நான்காவது நிமிடம் செய்தி தீர்ந்துவிட்டது. டெஸ் ரப்பரை இழுப்பதுபோல் இரு கைகளையும் விரித்தான். நீட்டு!

"நிறுத்தாத," என்றது குரல். "நீ நிறுத்துனா... நான் பேசணும்."

வெர்னா பனிப்பொழிவைப் பற்றிப் பேசினாள். கேண்டீன் சூப்பைப் பற்றிப் பேசினாள். நாக்கு ஒட்டிக்கொண்டது.

மூச்சு நெருங்கியது.

இயர்பீஸ் மாட்டாத காதிலும் கேட்டது...

வாய் நின்றுவிட்டது.

நேரம் முடிந்து சிவப்பு விளக்கு அணைந்தது. ஹால்வர்சன் கைதட்டிக்கொண்டே ஓடிவந்தார். "அந்த முடிவுரை! எல்லாம் என் பயிற்சி! ஏ கிரேடு!"

"என்ன முடிவுரை? நான்தான் பேசவே இல்லையே."

"தன்னடக்கம் வேற!"

டெஸ் பதிவை ஓட்டினான். திரையில் வெர்னாவின் உதடுகள் மூடியிருந்தன. குரல் மட்டும் தெளிவாக வந்தது. "பார்த்ததற்கு நன்றி. நான் கேரின் வாட்லி."

ஹால்வர்சன் தரையில் உட்கார்ந்துவிட்டார். சமஸ்தானத்திலிருந்து சத்தமே இல்லை.

வெர்னாவுக்கு இடம் கிடைத்தது. ஆனால் செய்தி வாசிப்பை விட்டுவிட்டு எழுத்துப் பிரிவுக்கு மாறிக்கொண்டாள். காரணம், அன்று மாலை கார் நிறுத்துமிடத்தில் டெஸ் சொன்னது.

"எட்டு வருஷம் முன்னாடி எங்க அக்காதான் கேமரா பிடிச்சா. இதே நாற்காலி, இதே தேர்வு. அந்த கேரின் நாலு நிமிஷம் வாசிச்சா, அப்புறம் பேச்சு நின்னுடுச்சு. கண்ணு திறந்தே இருந்துச்சு. நம்ம ஹால்வர்சன் உள்ளேருந்து 'பேசு, பேசு'ன்னு அவ காதுல கத்துறார். மாரடைப்பு."

"ஐயோ, பாவம்..."

"இருங்க. அவ கையில நாடி பாக்குற வாட்ச் கட்டியிருந்தா. அதுல பதிவாயிருந்துச்சாம். சிவப்பு விளக்கு எரியறதுக்கு முன்னாடியே துடிப்பு நின்னுடுச்சு."

அவன் கார்க் கதவைத் திறந்தான். ஏறவில்லை.

"அதுக்கப்புறம்தான் நாலு நிமிஷம் வாசிச்சிருக்கா."